குதிரை மூர்த்தியின் இருபத்திரண்டு ஓட்டங்கள்

நாளைக்குப் போகவேண்டிய இடத்துக்கு உருத்திரமூர்த்தி இன்றைக்கே ஒருமுறை போய் வந்துவிடுவார். கல்யாண மண்டபமானாலும் சரி, பல் வைத்தியரானாலும் சரி. காரை எங்கே நிறுத்தலாம், கதவைத் தள்ளுவதா இழுப்பதா, மாடிக்கு எந்தப் பக்கம் படி என்றெல்லாம் பார்த்துக்கொண்டு, வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவார். மறுநாள் சொந்தக்காரர்கள் வழி தெரியாமல் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் கார் ஓட்டப் பழக்குவது அவர் தொழில். வயது முப்பத்துநான்கு. ஐந்தடி மூன்று அங்குலம் உயரம், ஐம்பத்தெட்டு கிலோ எடை. தினமும் காலையில் குளியலறைத் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் தேநீர். அந்த மெல்லிய உடம்புக்குச் சற்றும் பொருந்தாத மணிக்கட்டுகள். தச்சருடையவை போலத் தடித்தவை. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். கீழே விழுந்த பேனாவை எடுக்க அவர் குனிவதில்லை. முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, அப்படியே இறங்கி, அப்படியே எழுவார்.

நான் சென்னையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். பிறகு தேர்வெழுதி, ஓட்டிக் காட்டி, புதிதாக வாங்கவேண்டும். பதினோரு வருடம் சென்னையில் கார் ஓட்டியவள் என்று முதல் நாள் அவரிடம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"நல்லது தங்கச்சி," என்றார். "அதையெல்லாம் மறக்கக் கொஞ்ச நாள் எடுக்கும்."

பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனி பிரேக் உண்டு. அதை அவர் மிதித்து நான் பார்த்தது இரண்டே முறை. நான் வேகமாக ஒரு வளைவுக்குள் போகும்போது அவர் என்னைத் திட்டமாட்டார், காரைச் சமாதானப்படுத்துவார். "ஓஓ... மெல்ல... மெல்ல..." என்று முன்பலகையை உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பார். எனக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கிட்டப் பாக்காதேங்கோ, எட்டப் பாருங்கோ. இந்த வளைவு முடிஞ்சுது. அடுத்த வளைவைப் பாருங்கோ."

என்னோடு கார் ஓட்டப் பழகியவர்களில் புஷ்பமலர் அக்கா என்று ஒருவர். ஐம்பத்திரண்டு வயது. வேறொரு ஓட்டுநர் பள்ளியில் பழகி மூன்று முறை தேர்வில் தோற்று, நாலாவது முறைக்கு மூர்த்தியிடம் வந்தவர். அவருக்குப் பயம், எதிரே வரும் லாரியின் மேல். லாரியைக் கண்டதும் அதையே பார்ப்பார். பார்க்கப் பார்க்கக் கார் அதை நோக்கியே போகும். "அக்கா, நீங்கள் எங்கை பாக்கிறியளோ அங்கைதான் அது போகும். லொறிக்காரனை அவன் பாத்துக்கொள்ளுவான். நீங்கள் இடைவெளியைப் பாருங்கோ," என்று ஒரு மாதம் சொன்னார். தேர்வுக்கு முதல் நாள் மாலை அந்த வட்டாரத்தின் எல்லாத் தெருக்களையும், ஒருவழிப் பாதைகளையும், பள்ளிக்கூடத்தருகே முப்பது கிலோமீட்டர் வேகப் பலகையையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். மறுநாள் அக்கா உரிமத்தோடு இறங்கி, நடுத்தெருவில் அவர் காலைத் தொடப் போய்விட்டார். மூர்த்தி இரண்டடி பின்னால் பாய்ந்ததை நான் கண்டேன். அவ்வளவு விரைவாக ஒரு மனிதர் பின்பக்கமாகப் பாய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவருக்குக் குதிரை மூர்த்தி என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். ஏனென்று கேட்டதில்லை. அவருடைய வேகத்தால் வந்ததாக்கும் என்று நினைத்திருந்தேன்.

சென்ற மே மாதம், நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவிலிருந்த ஒரு சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எதிரே இரண்டு பெண்கள் குதிரைகளில் வந்தார்கள். "நிப்பாட்டுங்கோ. எஞ்சினையும் நிப்பாட்டுங்கோ," என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. குதிரைகள் எங்களைக் கடந்தன. கண்ணாடியை இறக்கி, இரண்டாவது குதிரைக்காரியிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவள் உடனே இறங்கி, குதிரையின் முன்காலைத் தூக்கிப் பார்த்தாள். குளம்புக்குள் ஒரு கூழாங்கல். நன்றி சொல்லிவிட்டு நடத்திக்கொண்டு போனாள்.

"எப்படிண்ணா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சத்தம், தங்கச்சி. நாலு கால்லை ஒண்டு வேறை மாதிரிக் கேட்டுது."

"நீங்க நெடுந்தீவா? அங்க குதிரைங்க இருக்கும்னு படிச்சிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் உதைத்தான் கேக்கினம். நான் மானிப்பாய். ஜேர்மனிக்கு வாற வரைக்கும் குதிரையைப் படத்திலைதான் கண்டனான்."

அன்று பாடம் அத்தோடு முடிந்தது. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். மீதியைப் பிறகு அவர் மனைவி பாலாம்பிகையிடம் கேட்டு நிரப்பிக்கொண்டேன். கேட்கக் கேட்கத்தான் விளங்கியது: நான் இத்தனை நாள் பிரேக்கும் கிளட்சும் கற்றது, ஜெர்மனியின் தடைதாண்டும் குதிரைப் பந்தயங்களில் ஓடிய ஒரு மனிதரிடம்.

தொண்ணூற்று மூன்றில், பதினெட்டு வயதில், அகதியாக வந்திறங்கினார். அவரைக் கொண்டுபோய் விட்ட முகாம், டுசல்டோர்ஃபிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், பந்தயக் குதிரைகளைப் பழக்கும் திடலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாவது மாதமே அவர் வாழ்க்கையின் பெரிய பிழை ஒன்று நடந்தது. அகதிகள் அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு. ட்ராமில் எதிர்த் திசையில் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. அடுத்த டெர்மின் மூன்று மாதம் கழித்து. "பிழை என்ரைதான். ஆனா மூண்டு மாசம் அண்ணை, மூண்டு மாசம்!" என்று இன்றைக்கும் அதைச் சொல்லும்போது என்னைக்கூட அண்ணையாக்கிவிடுகிறார். அன்றிலிருந்து, ஒரே ஒரு தடவை தவிர, போகுமிடத்தை முன்கூட்டிப் பார்த்துவைக்காமல் அவர் எங்கும் போனதில்லை.

காலை ஐந்தரைக்குக் குளம்புச் சத்தம் முகாமை எழுப்பும். மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடுவார்கள். இவர் எழுந்து போய் வேலியருகே நிற்பார். ஒரு மாதம் இப்படி நின்றவரைப் பார்த்த பயிற்சியாளர் பிரிங்க்மான், ஒருநாள் நேரே வந்து இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை கிலோ? எத்தனை மணிக்கு எழும்புவாய்? இரண்டுக்கும் விடை அவருக்குப் பிடித்திருந்தது. வேலை அனுமதிக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் காத்திருந்து, லாயத்தில் சேர்ந்தார். முதலில் சாணி அள்ளினார். பிறகு தேய்த்துக் குளிப்பாட்டினார். பிறகு ஒரு பனிக்காலத்தில், ஆள் குறைந்த நாளில், பிரிங்க்மான் அவரைத் தூக்கி ஒரு கிழட்டுக் குதிரையின் மேல் உட்கார்த்தினார். ஜெர்மன்காரர்களுக்கு உருத்திரமூர்த்தி வாயில் நுழையவில்லை, ரூடி ஆக்கிவிட்டார்கள்.

அந்த நாட்களில் அகதிகள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கையில் அனுமதிக் கடிதம் வேண்டும். குதிரைகளோ ஞாயிறுதோறும் வேறு வேறு ஊர்களுக்கு ஓடப் போயின. "நானே பழக்கின குதிரையை நானே லொறியிலை ஏத்திவிட்டுட்டு, கேற்றடியிலை நிண்டு கை காட்டுவன். நாலு வருசம்." தொண்ணூற்றொன்பதில் தங்குரிமை கிடைத்த அன்று அவர் செய்த முதல் காரியம், அந்த லாரியில் ஏறி உட்கார்ந்தது. எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கவில்லையாம். முன்னால் போய்ப் பார்க்காமல் அவர் போன ஒரே இடம் அதுதான். இரண்டாயிரத்து ஒன்றில், இருபத்தாறாவது வயதில், பந்தயம் ஓடும் உரிமம் கையில் வந்தது.

தமிழர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. கடைகளும் உணவகங்களும் நடத்துகிறவர்கள் நடுவில், லாயத்து வாசனையோடு பஸ்ஸில் வருகிறவர் அவர். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், தமிழ்ச் சங்கத் தலைவர் கல்யாணசுந்தரம் பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "என்ன தம்பி, இன்னும் குதிரைக்குச் சாணி அள்ளுறதோ?"

"ஓம் அண்ணை. காலமை அள்ளுறன். ஞாயிறுகளிலை அதுக்கு மேலை ஏறிப் பாயுறன்."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் குதிரை மூர்த்தி.

பாலாம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து மணப்பெண்ணாக வந்தது, அவருக்கு உரிமம் கிடைத்த அதே வருடம் இலையுதிர் காலத்தில். மாப்பிள்ளை விளையாட்டுத் துறையில் என்று தரகர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக்கும் என்று பாலாம்பிகை நினைத்துக்கொண்டார். "வந்து மூண்டாம் நாள் விடிய எழும்பிப் பாக்கிறன், மனிசன் சப்பாத்திலை சாணியோடை நிக்கிறார். ரெண்டு நாள் அழுதன். மூண்டாம் நாள் என்னை லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இவரைக் கண்டதும் நாப்பது குதிரையும் கதவுக்கு மேலாலை தலையை நீட்டிச்சுதுகள். எனக்கு அழுகை நிண்டிட்டுது."

தடைதாண்டும் பந்தயம் என்றால் சமதரையில் ஓடுவதல்ல. நாலைந்து கிலோமீட்டர், இடையில் ஆளுயர வேலிகள், பள்ளங்கள், மண்மேடுகள், தண்ணீர். மூர்த்தி முதல் ஓட்டத்தில் கடைசியாக வந்தார். இரண்டாவதில் விழுந்தார். ஏழாவதில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. இடது தோள் தாழ்ந்தது அப்படித்தான். எந்த ஊரானாலும் முதல் நாளே போய், தடம் முழுவதையும் காலால் நடந்து பார்ப்பார். மற்றவர்கள் ஓட்டத்தன்று காலையில் ஒருமுறை நடந்தாலே பெரிது. இவர் மூன்று முறை நடப்பார்.

பதினான்காவது ஓட்டம், இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பர். ஹானோவருக்கு அப்பால், வருடத்தில் ஒரு நாள் மட்டும் பந்தயம் நடக்கும் ஒரு சின்ன ஊர். அவருக்குக் கிடைத்தது யாரும் ஏற விரும்பாத ஒரு பெண்குதிரை. ஹாகெபுட்டே என்று பெயர். காட்டு ரோஜாவின் பழம் என்று அர்த்தமாம். இவர் அதைப் புட்டு என்றுதான் கூப்பிடுவார். புட்டுக்கு முன்னால் போகப் பிடிக்காது, பின்னால் தனியாக வரவும் பிடிக்காது; கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடும்.

அந்த வருடம் நல்ல மழை. திடலின் ஒரு மூலையில் தரை சேறாகிவிட்டதால், வழக்கமான தடத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது முறை, திடலின் நடுவே போகும் குறுக்குப் பாதைக்கு வரும்போது, எப்போதும்போல இடப்பக்கம் திரும்பாமல், வலப்பக்கம் திரும்பிக் காட்டோரமாக ஐந்து தடைகளைத் தாண்டி வரவேண்டும். வரைபடத்தில் தெளிவாகப் போட்டு, எடை பார்க்கும் அறையின் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்த ஊரில் வருடக்கணக்காக ஓடியவர்கள் சுவரைப் பார்த்தார்களோ இல்லையோ, பழைய தடம் அவர்கள் காலிலேயே இருந்தது. மூர்த்திக்கு அந்த ஊர் புதிது. சனிக்கிழமை ஒருமுறையும் ஞாயிறு காலை இருமுறையும், குடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தார்.

எட்டுக் குதிரைகள் புறப்பட்டன. மூன்றாவது வேலியில் ஒன்று விழுந்தது. மீதி ஏழில் மூர்த்தி ஏழாவது. குறுக்குப் பாதை மூன்றாம் முறை வந்தது. முன்னால் போன ஆறு பேரும் ஒரு கயிற்றில் கட்டியதுபோல இடப்பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு நெஞ்சு நிண்டுட்டுது, தங்கச்சி. ஆறு பேர். எல்லாரும் என்னை விட நல்லா ஓடுறவங்கள். ஆறு பேருக்கும் பிழைக்குமோ? நான் என்ன பெரிய ஆளோ?"

"அப்புறம்?"

"வலப்பக்கம் இழுத்தன். புட்டு வரமாட்டன் எண்டுது. அதுகள் போகுது, தன்னை மட்டும் ஏன் பிரிக்கிறாய் எண்டு. கழுத்தை வளைச்சுக்கொண்டு இடப்பக்கமே போகுது. நான் முழுப் பலத்தையும் போட்டு, 'எடி புட்டு, இஞ்சாலை, இஞ்சாலை வாடி' எண்டு தமிழிலை கெஞ்சினன். ஜேர்மன் எல்லாம் மறந்துபோச்சு."

நான் இடைமறித்து ஒன்று கேட்டேன். "முன்னாடி போனவங்களைக் கூப்பிடலையாண்ணா?"

"கத்தினனான். 'ஃபால்ஷ், ஃபால்ஷ்', பிழை பிழை எண்டு ரெண்டு தரம் கத்தினனான்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா, கொஞ்சம் மெல்லமாத்தான் கத்தினன்."

புட்டு திரும்பியது. காட்டோரம் அவர்கள் இருவரும் தனி. ஒலிபெருக்கியில் தன் பெயர் அடிபடுவது கேட்டது. ரூடி வழி தவறிவிட்டார் என்று அறிவிப்பாளர் சொன்னதும், மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பு காட்டோரம் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மையான சந்தேகம் பிடித்துக்கொண்டதாம். காலையில் பார்த்த வரைபடம் வேறு பந்தயத்துடையதோ? குடைக்குள்ளிருந்து பார்த்ததில் வலம் இடமாகத் தெரிந்ததோ? அடுத்த வேலி வந்தது. அதன் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. பந்தயத் தடத்துக்கு அதுதான் அடையாளம். "அந்தச் சிவப்புக் கொடியைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. பிறகு சிரிக்கிறவை சிரிக்கட்டும் எண்டு விட்டன்."

பாலாம்பிகை ஒரு பந்தயத்தையும் நேரில் பார்த்ததில்லை, பயம். அன்றைக்குத்தான் முதல் முறையாக, பிரிங்க்மானின் மனைவி காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடையில் அவரைச் சுற்றி எல்லாரும் காட்டோரத்தைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்லை எனக்கும் வெக்கமாத்தான் கிடந்தது," என்றார் என்னிடம். "இந்த மனிசனைக் குதிரை எங்கையோ இழுத்துக்கொண்டு போகுது எண்டு நினைச்சன். பிறகு யோசிச்சன். இவர் ஒருநாளும் பிழையான இடத்துக்குப் போனதில்லையே. என்னை விமான நிலையத்திலை கூட்டிவர முந்தின நாளே போய்க் கதவைப் பாத்துவைச்ச மனிசன். அப்ப மற்ற ஆறு பேரும்தான் பிழை. எனக்கு அது வடிவா விளங்கிட்டுது. எழும்பி நிண்டு கை தட்டினன். ஃப்ராவ் பிரிங்க்மான் என்னை இருக்கச் சொல்லி இழுக்கிறா. எனக்கு அப்ப ஜேர்மன் அஞ்சு சொல்லுத்தான் தெரியும். அதைச் சொன்னன்: 'மைன் மான் ரிஷ்டிக். ஆலெ ஃபால்ஷ்.' என்ரை மனிசன் சரி. எல்லாரும் பிழை."

மூவாயிரம் பேர் இருந்த மைதானத்தில், மூர்த்தி சரியான வழியில் போகிறார் என்று அந்த நேரத்தில் நம்பியவர், ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடமாகாத ஒரு பெண்.

ஆறு பேரும் எல்லைக்கோட்டைத் தாண்டி, முதலாவதாக வந்தவர் கையசைத்துக்கொண்டு திரும்பி வரும்போதும், மூர்த்தி காட்டோரத்திலேயே இருந்தார். துணையில்லாத குதிரைக்குத் தடை தாண்ட மனம் வராது. கடைசிக்கு முந்தைய மண்மேட்டில் புட்டு அப்படியே நின்றுவிட்டது. அவர் அடிக்கவில்லை. சுற்றிக் கொண்டுவந்து, காதோடு ஏதோ சொல்லி, மறுபடி விட்டார். தாண்டியது. ஆளில்லாத எல்லைக்கோட்டுக்கு அவர்கள் நடையோட்டமாக வந்து சேர்ந்தபோது கைதட்டியது ஒரே ஒரு சோடிக் கைகள்.

நடுவர்கள் இருபது நிமிடம் கூடிப் பேசினார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. ஆறு குதிரைகளும் தடம் மாறியதால் நீக்கப்படுகின்றன. வழியை முழுதாக முடித்தது ஒரே குதிரை. அறிவிப்பாளர், சற்று முன் சிரித்த அதே அறிவிப்பாளர், இந்த முறை ரூடி என்று சொல்லவில்லை. சீட்டிலிருந்த முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். உ-ருத்-தி-ர-மூர்த்தி. இரண்டு இடத்தில் தடுக்கினாலும் முடித்துவிட்டார். சிரித்த மைதானம் எழுந்து நின்றது.

முதலாவதாக வந்து நீக்கப்பட்ட ஓட்டக்காரர் நாற்பது வயதுக்காரர். அந்த ஊரில் பன்னிரண்டு வருடம் ஓடியவர். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தார். "எனக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். அதுதான் என் பிழை," என்றாராம். பிரிங்க்மான் சுவரில் ஒட்டியிருந்த அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். மூர்த்தியின் வரவேற்பறையில் இன்றும் தொங்குவது அதுதான். குதிரைமேல் இருக்கும் படமல்ல. பரிசாக வந்த வெள்ளீயத் தட்டைப் பாலாம்பிகை சாமியறையில் பூ வைக்க எடுத்துக்கொண்டார்.

கல்யாணசுந்தரம் தைப்பொங்கல் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். குதிரைப் பந்தயத்தில் வெள்ளைக்காரர்களை முறியடித்த தமிழன் என்று ஒலிவாங்கியில் முழங்கினார். மூர்த்தி ஒலிவாங்கியை வாங்கிச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை சொன்னது சரியில்லை. நான் ஒருத்தரையும் முறியடிக்கேல்லை. வழியை ஒழுங்காப் பாத்துவைச்சன். மிச்சம் குதிரை செய்தது." ஆனால் மாலையைக் கழற்றவில்லை. பஸ்ஸிலும் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார் என்று பாலாம்பிகை சொன்னார்.

லாயங்களில் வேறு விதமாகவும் பேசினார்கள். குதிரைமேல் வென்றவனில்லை, நடுவர் மேசையில் வென்றவன் என்று. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர், அடுத்த மே மாதம் வேறொரு திடலில், அதே புட்டுவின் மேல், அதே நாற்பது வயதுக்காரரோடு கடைசி வேலியிலிருந்து கோடுவரை சரிக்குச் சரியாக ஓடி, ஒரு கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். கூட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும் புட்டு அன்றைக்கு முன்னால் ஓடியது. அதற்குப் பிறகு மேசைக் கதையை யாரும் எடுக்கவில்லை. எது பெரிது, அந்த முதலாவதா இந்த இரண்டாவதா என்று கேட்டேன். "ரெண்டும் என்ரைதானே," என்றார்.

இருபத்திரண்டாவது ஓட்டம் இரண்டாயிரத்து நான்கு ஏப்ரலில். வேறு குதிரை. சாதாரண வேலி. குதிரை தாண்டி இறங்கும்போது முன்கால்கள் மடிந்தன. இவர் உருண்டார். பின்னால் வந்த குதிரை ஒதுங்கப் பார்த்தும், ஒரு குளம்பு முதுகில் பட்டுவிட்டது. இரண்டு முள்ளெலும்பு வெடித்துவிட்டது. பதினோரு வாரம் உடம்பைச் சுற்றி இறுக்கமான கவசம். இன்னொரு முறை விழுந்தால் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொன்னார். பாலாம்பிகைக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"நான் விடச் சொல்லேல்லை," என்றார் பாலாம்பிகை. "அவரா முடிவெடுக்கட்டும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன்."

கவசம் கழன்ற மறுநாள் அவரே லாயத்துக்குப் போய், உரிம அட்டையைப் பிரிங்க்மானின் மேசையில் வைத்தார். பிரிங்க்மான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஆகஸ்டில் மகள் பிறந்தாள், தக்சாயினி. விபத்துக் காப்பீடு புதுத் தொழில் பழக உதவியது. முப்பது வயதில் மறுபடி புத்தகம், ஜெர்மனில் தேர்வு, கார் பழக்குநர் பட்டம். கவலையில்லை என்று அவர் சொல்லவில்லை. ஒரு வருடம் லாயத்துப் பக்கச் சாலையில் கார் ஓட்டவே ஏலாமல் இருந்ததாகவும், பழகுநர்களை வேறு வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார். "பிறகு ஒருநாள் நினைச்சன். இருபத்திரெண்டு தரம் எனக்குப் பந்தயத் திடல் கதவைத் திறந்து விட்டிருக்கினம். எத்தினை பேருக்கு ஒருக்காவது திறந்திருக்கு? நேர் வழியாலை போவம் எண்டு போனன்."

ஜூலையில் என் தேர்வு முடிந்தது. உரிமம் கைக்கு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மூவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு பந்தயத் திடல் ஒன்றுக்குப் போனேன். அவர் பக்கத்து இருக்கையில்; பிரேக் இல்லாத பக்கத்து இருக்கை.

நாலாவது பந்தயம் தடைதாண்டுவது. கம்பித் தடுப்பை ஒட்டி நின்று பார்த்தோம். தக்சாயினி அப்பாவின் தோளுக்குப் பதிலாகத் தடுப்பின் மேல் ஏறி நின்றாள். கடைசி வேலிக்கு முந்தையதில் ஒரு பெண் ஓட்டக்காரர் விழுந்தார். குதிரை எழுந்து தானாக ஓடிப்போனது. ஆட்கள் அதைப் பிடித்துச் சேணத்தை இறக்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். கூட்டம் முழுவதும் வென்றவனைப் பார்க்க மறுபக்கம் ஓடியது. அந்தப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், முகமெல்லாம் சேறாக, சேணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களைப் பார்க்காமல் தடுப்போரமாக நொண்டி நடந்து வந்தார்.

மூர்த்தி முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து இறங்கித் தடுப்புக்கு அடி வழியாக அந்தப் பக்கம் போனார். சேணத்தை அவர் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. அந்தப் பெண்ணும் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். சேணத்தோடு தொங்கிய இலக்கத் துணியில் சேறு அப்பிப்போயிருந்தது. ஒரு கையால் அதை விரித்துப் பிடித்து, எண் நன்றாகத் தெரியும்வரை, மெதுவாகத் துடைத்துவிட்டார்.